நாலாவது துணி

"இன்னொரு தடவை எண்ணிப் பாரு," என்றாள் அக்கா.

எண்ணியாகிவிட்டது. கட்டிலில் மூன்று துண்டுகள்தான் கிடந்தன. வண்டி வேலைக்காக அப்பாவின் பழைய பனியனை நான்காகக் கிழித்தது நான். குப்பைக் கூடையைக்கூடக் கொட்டிப் பார்த்துவிட்டேன். ராத்திரி மணி ஒன்றரை.

"ஒரு கந்தல் துணிக்கா என்னை எழுப்பின? வண்டியில விழுந்திருக்கும், படுடி."

"விழலக்கா. குழாய்க்குள்ள இருக்கு. நான்தான் வச்சேன்."

ஆழ்துளை போடும் இயந்திரத்துக்கு அப்பா சாமான் கொண்டுபோகும் கேம்ப், பாலைவனத்துக்குள்ளே எழுநூறு கிலோமீட்டர். நடுவில் பெட்ரோல் பங்க் கிடையாது. பிக்கப்பின் டேங்க் நானூறு வரைக்கும்தான் தாங்கும். அதனால் நேற்று, பின்பக்கம் கேபினை ஒட்டி இரண்டாவது டேங்க் மாட்டினோம். வழியில் வால்வைத் திறந்தால் மேலிருக்கும் டீசல் ரப்பர் குழாய் வழியாகத் தானே கீழே இறங்க வேண்டும்.

குழாய் சேரும் இடத்தில் அப்பாவின் கை நுழையவில்லை.

"வா குச்சி, நீ சாப்பிடாம இருந்ததுக்கு இன்னைக்குத்தான் பலன்," என்றார்.

இரும்புக் குழாயின் முனையை அரத்தால் ராவ வேண்டியிருந்தது. தூள் உள்ளே விழக் கூடாதென்று ஒரு துணியை அடைத்துவிட்டு ராவினேன். அதற்குள் அம்மா கூப்பிட்டாள். போய்விட்டு வந்து ரப்பர் குழாயை அப்படியே மேலே செருகி, கிளாம்பை முறுக்கினேன். அப்பா இழுத்துப் பார்த்தார். "யானை கட்டி இழுத்தாலும் வராது!" என்று சிரித்தார்.

"டெஸ்ட் பண்ணலையா?" அக்கா எழுந்து உட்கார்ந்துவிட்டாள்.

"கீழ் டேங்க் ஃபுல்லா இருந்துச்சுக்கா. அதுல எப்படி இறங்கும்? பாதி வழியில திறந்தா தானா வரும்னுட்டாரு."

அப்பாவின் போன் எல்லைக்கு வெளியே. கேம்ப் போன் அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. போலீஸ் ஸ்டேஷனில் ஒருவர் கொட்டாவி விட்டபடி, "விடியட்டும்மா, பாப்போம்," என்றார். விடிந்தால் வெயில். அதற்குப் பயந்துதான் அப்பா சாயங்காலமே கிளம்பினார். அக்கா விரல் விட்டு எண்ணினாள். இந்நேரம் வண்டி நின்றிருக்கும்.

"குழாயைக் கழட்டி கேன்ல பிடிச்சு ஊத்திக்க மாட்டாரா? அப்பாவுக்குத் தெரியாத வண்டியா?"

"எதை வச்சுக் கழட்டுவாரு?"

கட்டிலுக்கடியைக் காட்டினேன். ஸ்பேனர், கத்தி, எல்லாம் பெட்டியோடு அங்கே இருந்தன. வண்டியில் அந்தப் பெட்டி இருந்த இடத்தில்தான் புது டேங்க் உட்கார்ந்திருக்கிறது. டேங்க் மூடிக்கு மேலே கிரேன் வைத்து ஏற்றிய இரும்புச் சாமான். வண்டி நிறைய டீசலை வைத்துக்கொண்டு ஒரு சொட்டு எடுக்க முடியாமல் நிற்பார்.

"கேம்ப்காரங்க தேடுவாங்கல்ல?"

"நாளன்னைக்கு வந்தா போதும்னு சொல்லியிருக்காங்க."

"தண்ணி?"

"ரெண்டு பாட்டில்."

அக்கா என்னைத் திட்டியிருக்கலாம். ஓங்கி ஒன்று வைத்திருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அந்தப் பாதையில் வாரத்துக்கு ஒரு வண்டி போனால் அதிசயம். மரம் கிடையாது. இருக்கிற நிழல் பிக்கப்பின் நிழல் மட்டும். அதனடியில் படுத்துக் கிடந்தால் ஒருவேளை இரண்டு நாள் தாங்குவார். ஆனால் பஸ் ஐந்து நிமிஷம் தாமதமானாலே அடுத்த ஸ்டாப்புக்கு நடக்கிற மனுஷன் அவர்.

அம்மாவுக்குக் கேட்காதபடி அக்கா மெதுவாகக் கேட்டாள்.

"வண்டியை விட்டுட்டு நடக்க ஆரம்பிச்சிருக்க மாட்டாருல்ல?"