மாடியில் ஒரு பார்

இராமநாதபுரத்துக் கோடையில் காற்றும் ஒரு சொத்துதான். கனகலட்சுமியின் வீட்டில் அந்தச் சொத்து முழுவதும் மாடி அறை ஜன்னலின் பேரில் இருந்தது. பாம்பனில் கிளம்புகிற காற்று வழியில் ஒரு வீட்டிலும் கை நனைக்காமல் நேரே வந்து அந்த ஜன்னலுக்குள்தான் நுழையும். கீழே அவள் படுக்கிற அறையில் மின்விசிறியைப் போட்டால் அடுப்பை விசிறிவிட்டது போல இருக்கும். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்த மாடியைப் பார்த்து அவள் விட்ட பெருமூச்சுகளைச் சேர்த்து வைத்திருந்தால் இரண்டு காற்றாலைகள் ஓடியிருக்கும்.

மாடியில் இருந்தவன் அவளுடைய கொழுந்தன் சேதுபதி. சர்க்கார் அலுவலகத்தில் எழுத்தர். எறும்பு குறுக்கே போனால் நின்று வழிவிடுகிற ஆள். பெண் பார்க்கப் போய் அவன் பஜ்ஜி தின்னாத வீடு இந்த மாவட்டத்திலேயே கிடையாது. கடைசிவரை கல்யாணம் ஆகாவிட்டால் அவனைக் கூடத்துக்கு இறக்கிவிட்டு மாடிக்குப் போய்விடலாம், ஒண்டிக்கட்டைக்கு அறை எதற்கு என்று ஊரே அவள் பக்கம் பேசும். ஆகிவிட்டால் மாடி போனது போனதுதான். அவள் இப்படி எண்ணிக்கொண்டிருந்தபோதுதான் முதுகுளத்தூர்ப் பக்கத்தில் மிளகாய் பயிரிடும் சம்சாரி தங்கப்பாண்டியின் மகள் ஜெயப்பிரியா, மாப்பிள்ளையைப் பிடித்திருக்கிறது என்று சொல்லித் தொலைத்தாள்.

அந்தப் பெண் கேட்டது ஒன்றே ஒன்று. அறைக்குள் கடல்மீன் தொட்டி வேண்டும், சின்னதாக இருந்தால் போதும் என்றாள். சேதுபதிக்குக் கால் தரையில் பாவவில்லை. கட்டிலும் பீரோவும் போக மாடியில் மிஞ்சியது பீரோவுக்கும் சுவருக்கும் நடுவே ஒன்றரை அடி. அதை அவன் சாண் போட்டு அளந்தான், நூல் பிடித்து அளந்தான், தூக்கத்தில்கூடக் கையை விரித்து அளந்தான். கடைக்குப் போகும்போது மதினியையும் துணைக்குக் கூட்டிக்கொண்டான்.

மீன்கடை காஜா நவாஸ் கடற்கரைக்காரர். கடலுக்கடியில் மீன் அடைகிற பாறைத் திட்டை அவர் ஊரில் பார் என்பார்கள். தொட்டிக்குள் அடுக்குகிற கல்லுக்கும் அவருக்கு வேறு சொல் வாயில் வராது. ஆசைப்பட்டதையெல்லாம் இந்த இடத்துக்குள் அடைக்க முடியாது என்று அவர் முதலிலேயே சொல்லிவிட்டார். தொட்டி சிறுத்தால் வேலை பெருக்கும், வெயில் ஏறினால் தண்ணீர் சுண்டி உப்புக் கூடிவிடும், தினமும் பார்த்துப் பார்த்து நல்ல தண்ணீர் ஊற்ற வேண்டும் என்றார். பவளம் என்று சேதுபதி வாயெடுத்ததுமே, அதைக் கடலிலிருந்து எடுத்தால் மீனுக்குப் பதிலாக நாம்தான் கம்பிக்குள் நீந்த வேண்டும் என்று அடக்கினார். கடைசியில் சுட்ட மண்கல்லை அடுக்கி, நீல விளக்குப் போட்டு, வெள்ளைப் பட்டை போட்ட ஆரஞ்சுக் கோமாளி மீன் ஒரு சோடி என்று முடிவானது. தண்ணீரைச் சோதிக்கிற மருந்துகளைச் சின்னச் சின்னப் பாட்டில்களில் கொடுத்தார். “இந்தப் பாரு உங்க ரூமுக்குப் போதும் தம்பி, இதுக்கு மேல ஆசைப்படாதீக” என்றார்.

இதெல்லாம் வேண்டாம், இடத்தை அடைக்கும் என்று கனகலட்சுமி மூன்று முறை சொன்னாள். யார் கேட்டார்கள்?

நவாஸ் சொன்ன பார் என்ற சொல் சேதுபதிக்கு இனித்துவிட்டது. மறுநாள் பாலில் பார், சோற்றில் பார். அதே வாயோடு வருங்கால மாமனாருக்குப் போன் போட்டான். தங்கப்பாண்டியின் மூத்த மருமகன் குடித்தே ஒரு மிளகாய்த் தோட்டத்தை வாய்க்குள் இறக்கியவன். அதிலிருந்து கிழவருக்குச் சோடா பாட்டிலைப் பார்த்தாலே மயிர்க்கூச்செறியும்.

“மாமா, மாடியில சின்னதா ஒரு பார் வைக்கிறேன். நீல லைட்டெல்லாம் போட்டு. பிரியா ஆசைப்பட்டதுதான்.”

 “கல்யாணத்துக்கு முன்னாடியேவா?” என்றார் அவர்.

“ஆமா மாமா. இப்பமே வச்சாத்தான் கல்யாணத்துக்குள்ள பழகும்.”

கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்த கனகலட்சுமிக்கு அரிவாள்மனையில் கை நின்றது. போன் சத்தமாகத்தான் பேசியது. முதுகுளத்தூரில் பார் என்றால் ஒரே அர்த்தம்தான், அங்கே கடலும் இல்லை, பாறைத் திட்டும் இல்லை. ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்தது. அவள் அடுத்த கத்தரிக்காயை எடுத்தாள். அது சொத்தையில்லாமல் இருந்ததில் அவளுக்கு அப்படி ஒரு மகிழ்ச்சி.

தங்கப்பாண்டி விசாரிக்காமல் முடிவெடுக்கிறவர் இல்லை. ஒரு வாரம் கழித்து அவளையே கூப்பிட்டார்.

“ஏந்தாயி, உங்க கொழுந்தன் பார் வைக்கிறது நெசந்தானா?”

“வச்சே முடிச்சாச்சுய்யா. நான் வேணாம்னு எம்புட்டோ சொல்லிப் பாத்தேன்.”

“தெனமுமா தண்ணி?”

“காலையில எந்திரிச்சதும் மொதல்ல தண்ணியத்தான் பாப்பாரு. கொறைஞ்சிருந்தா ஊத்துவாரு. அளவு தப்பிருமோன்னு கையெல்லாம் நடுங்கும், பாவம். ஆபீஸ் விட்டு வந்தாலும் நேரா அது முன்னாடிதான், சோறு தண்ணி கெடையாது.”

போனை வைத்ததும் சொன்னதையெல்லாம் ஒருமுறை மனசுக்குள் ஓட்டிப் பார்த்தாள். ஒரு பொய் கூட இல்லை. எந்தக் கோயிலில் வேண்டுமானாலும் சூடத்தை அணைத்துச் சத்தியம் பண்ணலாம் என்று அவளுக்கே அவள் மேல் மரியாதை வந்தது.

சம்பந்தத்தை முறிக்க இந்தச் சீமையில் ஒரு நாசூக்கு உண்டு. காரணம் சொல்ல மாட்டார்கள். சாமியிடம் பூக் கேட்டோம், பூக் குடுக்கலை என்பார்கள். மனிதன் சொன்னால் எதிர்த்துப் பேசலாம், சாமியை யார் கேள்வி கேட்பது? தரகர் வந்து அதையே சொல்லிவிட்டு, கொடுத்த காப்பியையும் குடிக்காமல் போனார். சேதுபதி திரும்பத் திரும்பப் போன் போட்டான், யாரும் எடுக்கவில்லை. எந்தச் சாமி, எந்தப் பூ என்றுகூட அவனுக்குத் தெரியவில்லை.

ஆனால் அந்தப் பெண் லேசுப்பட்டவள் இல்லை. தோழியின் போனிலிருந்து கனகலட்சுமியைக் கூப்பிட்டாள். “மதினி, அய்யா பாருன்னு சொல்லி வைறாக. உங்க கொழுந்தன்கிட்ட பேசக் கூடாதுன்னு சத்தியம் வேற வாங்கிட்டாக. நான் கேட்டது மீன் தொட்டி. அவுக வச்சது தொட்டிதானா? தொட்டிதான்னு மட்டும் சொல்லுங்க, நான் அய்யாகிட்ட சண்டை போட்டுக்கிறேன்.”

கனகலட்சுமி ஜன்னல் வழியே பார்த்தாள். முற்றத்தில் சேதுபதி மீனுக்கு வாங்கிய சின்ன வலையைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தான்.

“தொட்டி இருக்குத்தா” என்றாள். ஒரு மூச்சு விட்டாள். “அது பக்கத்துலதான் பாட்டிலையெல்லாம் அடுக்கி வச்சிருக்காரு.”

மருந்துப் பாட்டில்கள்தானே, அவையும் பாட்டில்கள்தான். அந்தப் பெண் கொஞ்ச நேரம் அழுதாள். கனகலட்சுமி பொறுமையாகக் கேட்டுவிட்டு, நல்ல இடமா அமையும் என்று வாழ்த்தி வைத்தாள்.

அன்று மத்தியானம் சேதுபதி அவளிடம் வந்தான். “நான் எதுவும் தப்பாப் பேசிட்டேனா மதினி?”

“சாமி செஞ்சதுக்கு நீங்க என்ன செய்வீக” என்றாள்.

இனி தனக்கு மாடி எதற்கு, நீங்களும் அண்ணனும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று அவனாகவே சொன்னான். அவள் ஒரு தடவைதான் மறுத்தாள். இரண்டாம் தடவை மறுத்தால் அவன் மனசு மாறிவிடலாம். தொட்டியைக் கூடத்தில் டிவிக்குப் பக்கத்தில் வைத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டான். அங்கே இடமில்லை, ஓரத்திலும் இடமில்லை, எங்கேயுமே இடமில்லை என்றாள்.

நவாஸ் மீனைத் திருப்பி எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். சேதுபதி தொட்டித் தண்ணீரைக் குவளையால் இறைத்து, கையில் அகப்பட்ட பானையில் இரண்டு மீன்களையும் விட்டு, அலுங்காமல் படியிறங்கினான். தலையணையும் பாயுமாகக் கனகலட்சுமி எதிரே ஏறி வந்தாள். பானையைப் பார்த்ததும் நின்றாள்.

“அது பொங்கப் பானை தம்பி. கவிச்சி ஏறிரும். வேற எதுலயாச்சும் ஊத்துங்க.”

சரி மதினி என்று சொல்லி, பானையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, அவன் சுவரோரமாக ஒதுங்கி அவளுக்கு வழிவிட்டான்.