தேதி தெரியும்படி ஒரு படம்

கார்த்திகா அக்கா எனக்கு லென்ஸ் வாங்கித் தருகிறேன் என்றபோதே நான் உஷாராகியிருக்க வேண்டும். எங்கள் குடும்பத்தில் கேட்காமல் யாரும் எதையும் தருவதில்லை. கேட்டாலும் முதலில் எதற்கு என்பார்கள், பிறகு அடுத்த மாதம் என்பார்கள்.

அக்கா என் பெரியப்பாவின் ஒரே மகள். ஷா ஆலமில் வேலை. நான் கிள்ளானில் ஒரு காலேஜில் மாஸ் காம் இரண்டாம் வருடம். என்னிடம் ஒரு பழைய கேமரா இருந்தது. அதோடு வந்த லென்ஸ் கிட்டேயும் எடுக்கும், தூரத்திலும் எடுக்கும், இரண்டையும் சுமாராக எடுக்கும். முகம் மட்டும் எடுக்க ஒரு பிரைம் லென்ஸ் வேண்டும் என்று நான் ஒரு வருடமாகப் புலம்பிக்கொண்டிருந்தேன். பிரைம் லென்ஸ் முன்னே பின்னே நீளாது. கிட்டே வேண்டுமானால் நாம்தான் நடந்து போக வேண்டும். சோம்பேறிகளுக்கு ஏற்றதல்ல என்று அம்மா ஏற்கெனவே தீர்ப்பு சொல்லியிருந்தார்.

அக்கா ஒரே ஒரு நிபந்தனை போட்டார். முதல் படம் அப்பாவை எடுக்கணும். தனியா, நெஞ்சு வரைக்கும், பின்னாடி ஒண்ணும் தெரியாத மாதிரி. ஏன் என்றேன். "சும்மாலா. எடுடா."

சும்மா என்று சொல்லி ஒரு லென்ஸ் வாங்கித் தருகிறவர் இந்தக் கிள்ளான் பள்ளத்தாக்கில் உண்டா என்று நான் யோசிக்கவில்லை. லென்ஸை மட்டும் யோசித்தேன்.

வியாழக்கிழமை கோமுட்டர் ரயில் ஏறி பிரிக்பீல்ட்ஸ் போனேன். அங்கே ஒரு மாடிக் கடையில் நிஜாம் அண்ணன் பழைய கேமரா, லென்ஸ் விற்கிறார். ராமநாதபுரத்துக்காரர், வந்து ஒன்பது வருடமாகிறது. யாரையும் நம்ப மாட்டார். கண்ணாடிக்குள் பூஞ்சை பிடித்த லென்ஸை எத்தனை பேர் அவர் தலையில் கட்டப் பார்த்தார்கள் என்று தேதிவாரியாகச் சொல்வார். நான் ஐம்பது மில்லிமீட்டர் லென்ஸா, எண்பத்தஞ்சா என்று அரை மணி நேரம் தடுமாறியதைப் பார்த்துவிட்டு, இரண்டையும் எடுத்துக்கொண்டு போ, திங்கட்கிழமை ஒன்றைத் திருப்பிக் கொடு என்றார். ஈடாக என் காலேஜ் கார்டையும் என் அம்மாவின் போன் நம்பரையும் வாங்கிக்கொண்டார். என் மேல் இல்லாத நம்பிக்கை, பார்த்தே இராத என் அம்மா மேல் அவருக்கு இருந்தது.

யாரை எடுக்கப் போகிறேன் என்று கேட்டார். பெரியப்பாவை என்றேன். என்ன வயசு என்றார். அறுபத்திரண்டு. தனியாவா? தனியாத்தான், நெஞ்சு வரைக்கும்.

அண்ணன் எண்பத்தஞ்சை ஒரு துணியில் சுற்றி என் கையில் வைத்தார். "சீக்கிரமா எடுத்துரு தம்பி."

பெரியப்பாவின் பெயர் தம்புசாமி. போர்ட் கிளாங் துறைமுகத்தில் முப்பத்தோரு வருடம் கன்டெய்னர் சீல் சரிபார்த்தவர். சீல் நம்பர் காகிதத்தில் ஒன்று, கதவில் ஒன்று என்றால் லோரியை நகர விடமாட்டார். ஓய்வு பெற்ற பிறகு சரிபார்க்கக் கன்டெய்னர் இல்லாததால் எங்களைச் சரிபார்க்கிறார். பெரியம்மா போய் ஆறு வருடம் ஆகிறது.

தினமும் காலையில் தமிழ்ப் பேப்பரை அவர் பின்பக்கத்திலிருந்துதான் திறப்பார். மரண அறிவிப்பு, நினைவாஞ்சலி. படிப்பதற்கு இல்லை, படங்களைப் பார்ப்பதற்கு. "இது கல்யாணப் படத்துல வெட்டினது. பாரு, தோள்ல எவனோ கை போட்டிருக்கான். பாவம், திடீர்னு போயிருக்காரு," என்பார். அடுத்த படம் பளிச்சென்று இருக்கும். சட்டை புதிது, முடி வாரியிருக்கும், பின்னால் வெறும் நீலம். பெரியப்பா அதைத் தட்டிக் காட்டுவார். இது முன்கூட்டியே எடுத்து வைத்த படம், வீட்டில் எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது, அந்த ஆளுக்கு மட்டும் சொல்லவில்லை. அவர் நண்பர் சுகுமாறனை அவர் பிள்ளைகள் மார்ச் மாதம் ஸ்டூடியோவுக்கு அழைத்துப் போய்த் தனியாகப் படம் எடுத்தார்கள். மே மாதம் அதே படம் பேப்பரில் வந்தது.

எங்கள் வீடுகளில் சுவரில் சட்டம் போட்டுத் தனியாக மாட்டியிருக்கும் நெஞ்சு வரைக்குமான படம் யாருடையது என்று யாரும் கேட்பதில்லை. மாலையைப் பார்த்தாலே தெரியும். உயிரோடு இருப்பவர்கள் கூட்டமாகத்தான் சுவரில் இருப்பார்கள். இந்த விஷயம் எனக்கும் தெரியும். ஆனாலும் வெள்ளிக்கிழமை காலை எண்பத்தஞ்சை மாட்டிக்கொண்டு போய், "பெரியப்பா, தனியா உக்காருங்க, நெஞ்சு வரைக்கும்தான்" என்று சொன்னேன்.

பேப்பர் மெதுவாகக் கீழே இறங்கியது.

யார் சொன்னது என்று கேட்டார். லென்ஸ் சோதனை என்றேன். லென்ஸுக்கு யார் காசு என்றார். அக்கா என்றேன். தலையை ஆட்டினார். சீல் நம்பர் ஒத்துவராதபோது அப்படித்தான் ஆட்டியிருப்பார்.

அவருக்கு ஏற்கெனவே ஒரு பட்டியல் இருந்தது. மூன்று வாரத்துக்கு முன் முழு உடல் பரிசோதனைக்கு அக்கா அழைத்துப் போனார். ரிப்போர்ட்டை அக்காவே வாங்கிவந்து, எல்லாம் ஓகேபா என்று உள்ளே வைத்துவிட்டார். அன்றிலிருந்து இவர் தே தாரிக் டீயில் சீனி போட்டால் அக்கா திட்டுவதில்லை. திடீரென்று இரண்டு புதுச் சட்டை, இரண்டும் இளநீலம். ஒருநாள் இரவுச் சாப்பாட்டின்போது, தனியா இருக்கிறது கஷ்டமா இருக்காப்பா என்று கேட்டிருக்கிறார். இப்போது நான், கையில் நீளமான லென்ஸோடு.

இருந்தாலும் உட்கார்ந்தார். சந்தேகப்படுகிறவர்கள் ஓடிப்போவதில்லை, கூட இருந்து கண்காணிப்பார்கள்.

எண்பத்தஞ்சில் எடுக்க நான் ஹாலைத் தாண்டி சமையலறை வாசலுக்கே போக வேண்டியிருந்தது. "ஏன்டா அவ்வளவு தள்ளிப் போற?" என்றார். படம் அழகாக வந்தது. முகம் ஒவ்வொரு முடியோடும் தெளிவாக, பின்சுவர் வெண்ணெய் மாதிரி கரைந்து. இதற்காகத்தான் நான் ஒரு வருடம் புலம்பினேன். காட்டினேன்.

பெரியப்பா கண்ணாடியை மாற்றிப் போட்டுப் பார்த்தார். முகத்தைப் பார்க்கவில்லை. அவர் தலைக்குப் பின்னால் ஒரு தினசரிக் காலண்டர் தொங்குகிறது, ஒரு நாளைக்கு ஒரு தாள் கிழிப்பது, தேதி உள்ளங்கை அளவில் அச்சடித்தது. படத்தில் அது ஒரு வெளிறிய சதுரமாக இருந்தது.

"தேதியை அழிச்சிட்ட."

அழிக்கவில்லை, இந்த லென்ஸ் அப்படித்தான் என்று விளக்கினேன். அப்படியானால் இதை எப்போது எடுத்தது என்று யாருக்கும் தெரியாது, எந்த வருடம் வேண்டுமானாலும் பேப்பரில் போட்டுக்கொள்ளலாம் என்றார். அவர் சொன்னதில் தப்பு எதுவும் எனக்குத் தெரியவில்லை. அதுதான் சங்கடம்.

அன்று வீட்டுக்கு வந்து படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அவர் சந்தேகம் எனக்கும் தொற்றிவிட்டது. அவர் கண் வெள்ளை மஞ்சளாக இருந்தது. பதறி, கிளம்புமுன் ஐம்பதில் எடுத்திருந்த இன்னொன்றையும் பார்த்தேன், அதிலும் மஞ்சள். என் கண்ணையே ஐம்பதில் எடுத்துப் பார்த்தேன். நானும் மஞ்சள். கேமராவில் வெளிச்சத்துக்கான செட்டிங் தப்பு என்று கண்டுபிடிப்பதற்குள் எங்கள் குடும்பத்தில் இரண்டு பேரை இழந்திருந்தேன். அக்காவுக்கு, பெரியப்பாவுக்கு ஏதாவது பிரச்சினையா என்று மெசேஜ் அனுப்பினேன். படம் எடுத்துட்டியா என்று பதில் வந்தது. இல்லை என்று சொல்லவில்லையே என்பதை மட்டும் குறித்துக்கொண்டேன்.

சனிக்கிழமை அக்காவுக்கு லீவு. நான் போனபோது பெரியப்பா புது நீலச் சட்டையில், வாரிய தலையோடு, ஹால் நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். எதிரே அக்கா. என்னையும் உட்காரச் சொன்னார், சாட்சிக்கு.

"ரிப்போர்ட்டைக் கொண்டா," என்றார் மகளிடம்.

அக்கா கொண்டுவந்தார். பெரியப்பா முதலில் தன் பெயரைச் சரிபார்த்தார், பிறகு அடையாள அட்டையின் ஐசி நம்பர், ஒவ்வொரு எண்ணாக. பிறகு பக்கங்களை எண்ணினார். ஐந்து பக்கம் என்று அடியில் போட்டிருந்தது, ஐந்து இருந்தது. சீனி கொஞ்சம் மேலே, கொழுப்பு கொஞ்சம் மேலே, மற்றதெல்லாம் சரி. கடைசியில் டாக்டரின் முத்திரையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இது சரி. அப்புறம் படம் எதுக்கு?"

அக்கா என்னைப் பார்த்தார். நான் லென்ஸைத் துடைத்தேன், துடைக்க ஒன்றுமில்லாதபோதும். பெரியப்பா குரலை உயர்த்தவில்லை. "நான் போகப் போறேன்னா எனக்குத்தானம்மா முதல்ல சொல்லணும். சுகுமாறனுக்குச் செஞ்ச மாதிரி செஞ்சிராத."

அதற்குப் பிறகுதான் அக்காவுக்குப் புரிந்தது, மூன்று வாரமாக அவர் எதை நினைத்துத் தூங்காமல் கிடந்தார் என்று. அழுவதா சிரிப்பதா என்று முகம் முடிவெடுக்காமல் நின்றது. போனை எடுத்து எதையோ தேடி அவரிடம் நீட்டினார்.

ஒரு பெண்மணியின் படம். ஐம்பத்தெட்டு வயது இருக்கலாம். நாற்காலியில், தனியாக, நெஞ்சு வரைக்கும், பச்சைச் சேலை, விபூதி.

பெரியப்பாவின் முகம் மரியாதையாக இறங்கியது. "யாரும்மா இவங்க? எப்போ தவறினாங்க?"

"அப்பா, இருக்காங்கப்பா. பந்திங் டவுன்ல."

பேர் வீரம்மா, பள்ளிக்கூட அலுவலகத்தில் எழுத்து வேலை பார்க்கும் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவர், கணவர் இறந்து பத்து வருடம், மகள் அக்காவோடு ஒரே ஆபீஸ் என்று அக்கா தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். அடுத்த வருடம் தனக்குக் கல்யாணமாகி ஈப்போ போய்விட்டால் இந்த வீட்டில் அவர் யாரோடு பேசுவார் என்று தோன்றியது. இரண்டு மகள்களும் பேசி முடிவெடுத்தார்கள். உடம்பெல்லாம் சரியா என்று தெரிந்துகொண்டு மேலே பேசலாமென்றுதான் பரிசோதனை. அங்கிருந்து ஒரு படம் வந்துவிட்டது, இங்கிருந்து ஒன்று போக வேண்டும். சொன்னால் திட்டுவார் என்று சொல்லவில்லை, அதுவரை சீனிக்குக்கூடத் திட்டாமல் நல்ல பேர் வாங்கி வைத்திருந்தார்.

பெரியப்பா திட்டவில்லை. அவர் கேட்டாரா என்பதே எனக்குச் சந்தேகமாக இருந்தது. இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கிக்கொண்டிருந்தார். ரொம்ப நேரம். பிறகு போனை என் பக்கம் திருப்பினார்.

"இங்க என்ன தெரியுது?"

அந்த அம்மாவின் பின்சுவரில் ஒரு ஆணி. ஆணிக்குக் கீழே, சுவரின் மற்ற இடத்தைவிட வெளுத்த ஒரு நீள்சதுரம். அங்கே மாட்டியிருந்த காலண்டர் படத்தின் அடியோரத்தில், மடியிலிருந்து நெஞ்சு உயரத்துக்கு நிமிர்த்திப் பிடித்தபடி, சேலைத் தலைப்பு மறைக்காமல், தேதி முழுசாகத் தெரிந்தது. இரண்டு வாரமாக அந்தப் படத்தை வைத்திருக்கும் அக்காவுக்கு அது காலண்டராகவே பட்டிருக்கவில்லை, வீட்டுச் சாமான் என்று விட்டுவிட்டார்.

"கழட்டிக் கையில வச்சிருக்காங்க," என்றார் பெரியப்பா. "அந்தம்மாவுக்கும் பிள்ளைங்க ஒண்ணும் சொல்லல."

பிறகு அவர் எழுந்து போய்த் தன் காலண்டரை ஆணியிலிருந்து கழற்றி எடுத்துவந்தார். முந்தின நாள் தாளைக் கிழித்து, மடித்து, சட்டைப் பையில் வைத்தார். அதே மாதிரி நெஞ்சு உயரத்துக்கு நிமிர்த்திப் பிடித்துக்கொண்டார்.

நான் எண்பத்தஞ்சை எடுத்தேன். வேண்டாம் என்றார். தேதியும் முகமும் ஒரே தூரத்தில் இருப்பதால் இதிலும் தேதி தெரியும் என்று நியாயமாக எடுத்துச் சொன்னேன்.

"ஆணி?" என்றார்.

ஆணி தெரியாதுதான். எண்பத்தஞ்சில் ஆணி கரைந்துபோகும். அது தெரியாவிட்டால் காலண்டரைக் கழற்றிப் பிடித்திருக்கிறார் என்பது அந்தப் பக்கம் போய்ச் சேராது. நான் ஐம்பதை மாட்டி, பின்சுவரும் தெளிவாக விழும்படி லென்ஸின் வாயைச் சுருக்கி, சமையலறை வாசலிலிருந்து கிளம்பி அவருக்கு நாலடி முன்னே வந்து நின்றேன். இந்த இடத்திலிருந்து அவர் மூச்சுகூடக் கேட்டது. லோக்கப்பில் எடுத்த மாதிரி இருக்குப்பா, சிரிங்க என்றார் அக்கா. அவர் சிரிக்கவில்லை. முகம், தேதி, ஆணி, சுவரில் வெளுத்த சதுரம், நான்கும் தெளிவாக வந்தன. போர்ட்ரெய்ட் என்று எங்கள் லெக்சரரிடம் காட்டினால் ஃபெயில் போடுவார். அன்று மாலையே பந்திங்குக்குப் போனது.

ஞாயிற்றுக்கிழமை பதில் இல்லை. பெரியப்பா மூன்று முறை போன் செய்து, என் கேமராவில் தேதி சரியாக இருக்கிறதா என்று கேட்டார்.

திங்கட்கிழமை காலை நான் இரண்டு லென்ஸோடும் பிரிக்பீல்ட்ஸ் போகும் ரயிலில் இருந்தபோது அக்காவிடமிருந்து மெசேஜ் வந்தது. வீரம்மா சொல்லச் சொன்னதை மகள் அப்படியே தட்டச்சு செய்து அனுப்பியிருந்தார்: படம் கிடைத்தது, ஆணியும் பார்த்தேன். ஆனால் அது சனிக்கிழமைத் தாள். இன்றைக்குத் திங்கள். இரண்டு நாளில் என்ன வேண்டுமானாலும் நடக்கும். இன்றைய தேதியோடு ஒன்று அனுப்பச் சொல்லவும்.

அதற்குக் கீழே அக்கா எழுதியிருந்தார்: அப்பா ஷேவ் பண்றார்.

நிஜாம் அண்ணன் எண்பத்தஞ்சை வாங்கி, டார்ச் அடித்து, முன்பக்கமும் பின்பக்கமும் பார்த்தார். இரண்டு தடவை. ஐம்பதையா வைத்துக்கொள்கிறாய் என்று கேட்டார், நம்பாமல். ஆமாம் என்றேன். என் காலேஜ் கார்டைத் திருப்பித் தந்தவர், கையை உடனே எடுக்கவில்லை.

"பெரியப்பா எப்படி இருக்காரு தம்பி?"

"இன்னைக்கு இருக்காருண்ணே," என்றேன். "சாயந்திரம் எடுக்கணும். நாளைக்கும் வரச் சொல்லியிருக்காரு."