படத்துக்குள்ள வந்து நிக்கிற மனுஷன்

எங்க முதல் வீடு ஒரு தீவுல. ரெண்டு அறை, கடலைப் பார்த்த பின்வாசல், அதுல மூணு படி. என் வீட்டுக்காரர் படகுத்துறையில என்ஜின் மெக்கானிக். என்கிட்ட அப்பா கொடுத்த கேமரா இருந்துச்சு. பிலிமுக்கு முப்பத்தாறு படம், கழுவ அக்கரைக்குப் போகணும். அதனால பார்த்துப் பார்த்துத்தான் எடுப்பேன். எப்பவும் மேல்படியில உட்கார்ந்துதான். எதிர்ல அலையாத்தி மரங்க, வேருக்கடியில நண்டு, கிளையில நாரை.

நாரை தலையைத் திருப்புற நேரமாப் பார்த்து இந்த மனுஷன் முதல் மரத்துப் பக்கத்துல போய் விறைப்பா நிப்பார். "ஆளே இல்லாத படத்துக்கு எதுக்குப் பிலிமை வீணாக்குற"ன்னு வியாக்கியானம் வேற. நாரை பறந்துடும். எனக்குப் பத்திக்கிட்டு வரும். "தள்ளிப் போங்க"ன்னு நான் கத்தாத நாள் கிடையாது. ஆல்பத்தைப் புரட்டினா இயற்கைக்காட்சி எங்க இருக்கு, எல்லாம் இவரோட பாஸ்போர்ட் போட்டோதான்.

மாற்றலாகி அக்கரைக்கு வந்து முப்பத்தெட்டு வருஷம் ஆச்சு. நடுவுல ஒரு புயல் அந்த மரங்களை வாரிக்கிட்டுப் போயிடுச்சு. போன வருஷம் வனத்துறை அதிகாரி ஒருத்தி, என் மக வயசு, தீவோட பழைய படம் யார்கிட்ட இருக்குன்னு விசாரிச்சு, ஆல்பத்தைக் கேட்டு வீட்டுக்கு வந்தா.

"ரெண்டு தடவை கன்னு நட்டோம் ஆன்ட்டி, கடல் இழுத்துக்கிச்சு. பழைய மரவரிசை எதுவரைக்கும் இருந்துச்சுன்னே தெரியல. இந்தத் தடவையும் போச்சுன்னா கல்லைக் கொட்டிச் சுவர் எழுப்பிடுவாங்க."

கல்லுச்சுவர்ல எந்த நாரை கூடு கட்டும்? ஆல்பத்தைத் தூசி தட்டி அவ மடியில வச்சேன்.

அவ ஒவ்வொரு படமாப் பார்த்தா. "எல்லாத்துலயும் அங்கிள் நிக்கிறாரே"ன்னா.

"அதை ஏம்மா கேக்குற"ன்னேன். மானமே போச்சு.

அவ சிரிக்கல. "எல்லாம் ஒரே படியில இருந்து, ஒரே கேமராவுல எடுத்ததுதானே? அங்கிளைத் தீவுக்குக் கூட்டிட்டுப் போய் நிக்க வைப்போம். படத்துல இருக்கிற அதே உயரத்துக்கு எங்க தெரியறாரோ, அங்கதான் முதல் மரம் இருந்திருக்கு."

மூலையில பேப்பர் படிச்சிட்டிருந்தவர் தொண்டையைச் செருமினார். "நான் அப்பவே சொன்னேன்."

மறுநாளே படகு ஏறினோம். வீடு பூட்டிக் கிடந்துச்சு, படி அப்படியே இருந்துச்சு. மேல்படியில உட்கார்ந்து கேமராவைக் கண்ணுல வச்சேன். போன தடவை கன்னு நட்ட இடத்துல, சேத்துல கால் புதைய அவர் நின்னார். சுண்டுவிரல் அளவுதான் தெரிஞ்சார். அவ்வளவு தூரம் கடலுக்குள்ள நட்டிருக்காங்க.

"கிட்ட வாங்க"ன்னேன். வாழ்க்கையில முதல் தடவையா அவர்கிட்ட அதைச் சொல்றேன். "இன்னும் கிட்ட. கூன் போடாதீங்க." மூட்டுவலியோட ஒவ்வொரு அடியா வந்தார். படத்துல இருந்த உயரம் வந்ததும் கையைக் காட்டினேன். அவர் கால் பக்கத்துல அந்தப் பொண்ணு குச்சியை நட்டா.

ஒரு மழைக்காலம் தாண்டிடுச்சு. அந்தக் குச்சியில இருந்து வரிசையா நட்ட கன்னெல்லாம் வேர் பிடிச்சு அவர் முழங்கால் உயரத்துக்கு நிக்குது. போன வாரம் போய்ப் படியில உட்கார்ந்தேன். எங்கிருந்தோ ஒரு நாரை வந்து சேத்துல இறங்குச்சு. நான் கேமராவைத் தூக்கினதும் இவர் விடுவிடுன்னு போய் முதல் கன்னு பக்கத்துல நின்னார். நாரை பறந்துடுச்சு.

அவர் முகம் சுருங்கிடுச்சு. "தள்ளிக்கட்டுமா?"ன்னார்.

"வேண்டாம், அங்கேயே நில்லுங்க"ன்னு சொல்லி எடுத்தேன்.