கண்ணில்லாத குதிரைக்காரர்கள்

சதுரங்கப்பட்டினம் டூரிங் டாக்கீஸில் அன்று மாலை ஆட்டத்துக்கு ஓடவேண்டியது சாமிப் படம். செங்கல்பட்டிலிருந்து படப்பெட்டி மாறி வந்துவிட்டது. ஆபரேட்டர் என்ன செய்வான், வந்ததை ஓட்டினான். ஏதோ ஐரோப்பிய தேசத்துப் பேய்ப் படம்.

வச்சலாவை அங்கே இழுத்து வந்தவள் நாத்தனார் அம்சா. மறுநாள் வச்சலாவுக்குத் தாலி அறுக்கப் போகிறார்கள். தனியாகக் கட்டுமரம் ஏறிப்போன அவள் புருஷன் சடையன் திரும்பவில்லை. மரம் மட்டும் செய்யூர்ப் பக்கம் கரை ஒதுங்கியது. மழைக்காலம் முழுக்கப் பொறுத்துப் பார்த்த ஊர், போதும் என்று முடிவு கட்டிவிட்டது. வச்சலா மட்டும் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. உடம்பைக் காட்டுங்கள், அழுகிறேன் என்றாள். அழுத்தக்காரி என்று பேசினார்கள். ஊருக்கென்ன, பேச வாய் இருக்கிறது.

"இன்னிக்காவது பூ வெச்சுகினு வா அண்ணி. நாளைக்கு எவ உன்ன வுடுவா?" என்று சொல்லித்தான் அம்சா கிளப்பினாள்.

திரையில் கல்லறை மூடிகள் நகர்ந்தன. என்றோ செத்த போர்வீரர்கள் எழுந்து, செத்த குதிரைகளில் ஏறி, தூக்கத்தில் போவதுபோல மெல்ல மெல்ல வந்தார்கள்.

"நம்ம கோட்டையில பொதைச்ச வெள்ளக்காரனுங்கடா!" என்றான் ஒருவன். ஊரின் பழைய டச்சுக் கோட்டைக் கல்லறைகள் மேல் கருவாடு காயவைக்கும் பெண்கள் ஒருத்தியை ஒருத்தி ஒட்டி உட்கார்ந்தார்கள்.

வீரர்களுக்குக் கண் இல்லை, வெறும் குழி. சத்தத்தை வைத்துத்தான் ஆளைத் தேடினார்கள். படத்தில் ஒளிந்திருந்த ஒரு பெண் மூச்சை அடக்கினாள். கொட்டகையே அவளோடு அடக்கியது.

வச்சலாவுக்குப் பயம் வரவில்லை. கடலில் கிடக்கும் உடம்பில் மீன் முதலில் கண்ணைத்தான் தின்னும். மீன்காரிக்கு அது தெரியாதா? கண் போனவன் கரையை எப்படிக் காண்பான்? பாவி மனுஷன், யாராவது குரல் கொடுப்பார்களா என்று இருட்டில் தடவிக்கொண்டு கிடக்கிறான். நாமோ வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம்.

எழுந்து நின்றாள். கல்யாணமான நாளிலிருந்து வாயால் சொல்லாத பெயரைச் சொல்லிக் கத்தினாள்.

"சடையா! இங்க கீறேன்யா! இந்தப் பக்கம் வா!"

"உக்காரும்மா, படம் மறைக்குது" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

செத்தவர்கள் நடுவில் அவனைத் தேடிவிட்டோம் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. மணலில் விழுந்தாள். அத்தனை மாத அழுகையும் மொத்தமாக வந்தது.

அம்சா அவளை அடக்கவில்லை.

"இன்னும் கத்து அண்ணி. எங்கண்ணனுக்கு இந்தச் சத்தம் பத்தாது" என்றாள். பிறகு தானும் எழுந்து, கடல் இருக்கும் திசையைப் பார்த்து, "அண்ணா!" என்று கூப்பிட்டாள்.