சாட்சி நேரம்

ஷோபனாவுக்குச் சாட்சி சொல்ல நன்றாக வரும். திருத்தணி ரயில்வே கேட்டைத் தாண்டியிருந்த அந்தத் தகரக் கூரைச் சபையில், ஞாயிற்றுக்கிழமை பாட்டு முடிந்ததும் பாஸ்டரின் மனைவி கௌரியம்மாள் மைக்கை நேராக அவளிடம்தான் நீட்டுவாள். இரண்டு பிள்ளைகளைத் தத்தெடுத்த கதையை அவள் தொடங்கினால் போதும், பெண்களின் முந்தானையெல்லாம் நனைந்துவிடும். ஸ்தோத்திரம் சொல்வதில் அந்தச் சபையார் கஞ்சத்தனம் பார்த்ததே இல்லை.

வீட்டில் கதை வேறு. ஒன்பது வயது ஷாலினிக்கும் நாலு வயது அரசுக்கும் அவள் வேளாவேளைக்குச் சோறு போட்டாள், தலை வாரினாள், காய்ச்சலில் கண் விழித்தாள். பாசம் மட்டும் வரவில்லை. வராததை வந்ததாக எத்தனை நாள் நடிப்பது? ஷாலினியும் அவளை அம்மா என்று கூப்பிடவில்லை. "ஏங்க" என்றே ஓட்டினாள். அரசுவோ, எங்கம்மா ரயிலேறி மெட்ராஸுக்கு வேலைக்குப் போயிருக்காங்க என்று எல்லோரிடமும் சொல்லித் திரிந்தான். அக்கா சொல்லி வைத்தது.

"சபை நடுவுல சொல்லிகினே இரும்மா. சொல்லச் சொல்லக் கர்த்தர் அன்பு குடுப்பாரு" என்றாள் கௌரியம்மாள். ஷோபனா நம்பினாள். பிள்ளையில்லாத ஏக்கத்தில் ஒருமுறை அரளி விதையை அரைத்துக் குடித்தவளைத் தூக்கி நிறுத்தியவர் இயேசு. அந்த விஷயம் அவருக்கும் அவள் புருஷன் கஜபதிக்கும் மட்டுமே தெரியும். உயிரைக் கொடுத்தவர் பாசத்தையா கொடுக்கமாட்டார்? முழங்காலிட்டுக் கேட்டாள். ஞாயிறுதோறும் சொன்னாள்.

ஒரே எரிச்சல், அவள் மைக்கைப் பிடித்ததும் ஷாலினி தம்பியை இழுத்துக்கொண்டு வெளியே ஓடுவதுதான். கேட்டால், "தம்பிக்கு ஒண்ணுக்கு வருதாம்" என்பாள். ஒருநாள் ஷோபனா அவள் முதுகில் ஒன்று போட்டாள். "சோறு போடறவ பேசறப்ப உக்காந்து கேக்க முடியல. திமிரப் பாரு!"

ஆடிக் கிருத்திகை ஞாயிற்றுக்கிழமையில் வந்தது. தெருவெல்லாம் காவடியும் பம்பையுமாக இருக்க, சத்தம் தாங்காமல் சபையின் கதவுகளைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுவிட்டார்கள்.

ஷோபனா மைக்கைப் பிடித்தாள். "இவங்கம்மா தூக்கு மாட்டிகினா. சின்னவன் அப்போ தவழ்ந்துகினு இருந்தான். ரெண்டும் அந்தப் பொணத்துக்குக் கீழ பசியில..."

அப்போது கடைசிப் பாயில் ஷாலினி தெரிந்தாள். கதவுவரை போய்விட்டுத் திரும்பியிருந்தாள். தம்பியை மடியில் இழுத்துப் போட்டு, அவன் காதுகள் இரண்டையும் உள்ளங்கையால் அழுத்திப் பொத்தியிருந்தாள். அவன் விளையாட்டென்று நினைத்து நெளிந்து நெளிந்து சிரித்தான். இத்தனை ஞாயிறும் அவள் ஓடியது இதற்குத்தான். அடி வாங்கியதும் இதற்குத்தான்.

ஷோபனா அதோடு நிறுத்தினாள். அரளி விதை குடித்தவளை எங்கிருந்து தூக்கி வந்தேன் என்று இயேசு இதுவரை யாரிடமும் மைக் பிடித்துச் சொன்னதில்லை. மூடித்தான் வைத்தார். வெட்கத்தில் உடம்பெல்லாம் கூசியது. மைக்கைக் கீழே வைத்தாள்.

"ஆவியானவர் பேசவுடாம அழ வெக்கிறாரு, அல்லேலூயா!" என்று கௌரியம்மாள் அதை எடுத்துக்கொண்டாள். "மிச்சத்த நான் சொல்றேன். அந்தப் பொணத்துக்குக் கீழ..."

"வேணாங்கம்மா" என்றாள் ஷோபனா. பம்பைச் சத்தத்தில் அது யாருக்கும் எட்டவில்லை. கௌரியம்மாளுக்குக் கதை மனப்பாடம். பெண்கள் முந்தானையை எடுத்தார்கள்.

ஷோபனா பாய்களைத் தாண்டிக்கொண்டு கடைசிக்குப் போனாள். அவளைக் கண்டதும், அடி விழுமென்று ஷாலினி தோளைக் குறுக்கினாள். தம்பியின் காதிலிருந்து மட்டும் கையை எடுக்கவில்லை. தம்பிக்கு அவள் கை இருந்தது. அவள் காதைப் பொத்தத்தான் ஒருவருமில்லை.

ஷோபனா பின்னால் உட்கார்ந்து அவள் காதுகளைப் பொத்தினாள். உள்ளங்கைகளுக்கு நடுவே அந்தச் சின்னத் தலை நடுங்கியது. முழங்காலிட்டுக் கேட்ட அன்பு வந்துவிட்டது. இனிப்பாக இருக்கும் என்று நினைத்திருந்தாள், நெஞ்சைப் பிசைந்தது. ஷாலினி திரும்பிப் பார்க்கவில்லை, அம்மா என்று கூப்பிடவுமில்லை.

மைக்கில் கௌரியம்மாள் ஒன்று விடாமல் சொல்லிக்கொண்டிருந்தாள். தான் சொல்லிக் கொடுத்த வார்த்தைகளை ஷோபனா கடைசிவரை கேட்டாள்.