மறுகரைக்கு எட்டாத ஆணை

மெட்வே ஆறு கடலோடு கலக்கும் அகன்ற முகத்தில், இலையுதிர்காலத்துக் கதிரவன் ஈயத்தகடு போல் ஒளி மங்கிச் சாய்ந்திருக்க, ஏறிவரும் கடலோதம் சேற்றுத்திட்டுகளை ஒவ்வொன்றாய் விழுங்கிக்கொண்டிருந்த மாலைப்பொழுது அது. கரைமேட்டில் தொலைநோக்கியும் தந்திக்கருவியுமாய்த் தனித்து நின்றார் படைத்தலைவர் ஆம்புரோஸ் பெல்லமி. அரசியின் பொறியாளர் படையில் மின்னாற்றலின் நுணுக்கமெல்லாம் கற்று, நீரடியில் வெடிகலம் புதைத்துப் பகைக்கப்பலைத் தகர்க்கத் தமக்கென ஒரு முறை வகுத்தவர்.

மின்னோட்டத்தைச் செலுத்தும் அறை மறுகரை மண்மேட்டுக்குள், சாளரமே இன்றி இருந்தது. கண் கண்டால் கை தயங்கும் என்பது அவர் துணிபு. கரைமேட்டுத் தந்தி அவ்வறைக்கு ஓயாது தட்டிக்கொண்டிருக்கும். அது நின்று, மணற்கடிகை ஒருமுறை ஒழிந்தும் மீளாவிடில், மேடு பகைவர் வசமாயிற்றெனக் கொண்டு அறையிலிருப்பவன் உடனே வெடிகலத்தை வெடிக்கச் செய்துவிட வேண்டும்.

"அப்போ நீங்க செத்தாலும் எங்களுக்கு வேலை உண்டு, அப்படித்தானே ஐயா?" என்று காலையில் சிரித்தான் அவ்வறைக்குரிய படைவீரன் கிதியோன் பாஸ்க்.

"அதேதான் பாஸ்க். எனக்காக அழுறதுன்னா, விசையை அமுக்கிட்டு அழு."

இன்று பயிற்சிநாள்; இலக்கு, நங்கூரமிட்டு நிறுத்திய பாழ்ங்கலம், கைவிடப்பட்ட பழங்கப்பல் ஒன்று. ஆனால் பயிற்சிநாளில் ஏற்றும் எச்சரிக்கைச் செங்கொடியை ஒருநாளும் பொருட்படுத்தாத மீனவன் யோப் சாக்ஸ்பி, சிப்பி வாரிய தன் படகோடு இருட்டுமுன் வீடு சேர விரைந்தவன், நீரோட்டம் இழுக்கவே அப்பாழ்ங்கலத்தருகே நங்கூரம் இறக்கினான். பொறுத்திரு என்று மறுகரைக்குச் சொல்லப் பெல்லமி தந்தியைத் தொட்டார். ஊசி அசையவில்லை. நங்கூரம் ஆற்றடியில் தந்திவடத்தை அறுத்திருந்தது.

மணல் அங்கே ஒழுகத் தொடங்கியிருக்கும். துடுப்பு வலித்து ஆற்றைக் கடக்க நேரமில்லை. கொடியசைத்தாலோ காண அங்கே சாளரமில்லை. குரல் பெருக்கும் குழலை வாயில் வைத்து நீர்விளிம்புக்கு ஓடினார்.

"சாக்ஸ்பி! கயித்த வெட்டு! வெட்டிட்டு ஓடு!"

"ஏன் தொரை தொண்டைய கிழிச்சிக்கிறீங்க? எங்கப்பன் நங்கூரம் இது, லேசுல வெட்டிருவனா? எதுலயோ மாட்டிக்கிச்சு, தோ எடுத்துர்றேன்!"

"வெடிக்கப்போவுது! கீழ வெடி இருக்கு!"

"ஆமாமா, ஒங்க வெடி என்னிக்கு சொன்ன நேரத்துக்கு வெடிச்சுது?" என்று நகைத்தவன், பெல்லமி ஆடையோடு ஆற்றுக்குள் இறங்கக் கண்டதும் நகை மறைந்தவனாய், இடுப்புக்கத்தியை உருவிக் கயிற்றில் வைத்தான். பாதிப் புரிகள் அறுந்திருக்கலாம். அப்போது ஆறு வெண்தூணாய் எழுந்தது. எழுந்தது மீண்டும் விழுந்து அடங்குமுன் பாழ்ங்கலமும் இல்லை, படகும் இல்லை.

சற்றுநேரத்தில் மறுகரையிலிருந்து படகோட்டி வந்தான் பாஸ்க். மார்பளவு நீரில் நின்றவரைக் கண்டு முகம் மலர்ந்தான்.

"உயிரோடதான் இருக்கீங்களா ஐயா! தந்தி நின்னதும் பயந்தே போய்ட்டேன். ஆனா ஒரு நொடி பிசகல, நீங்க சொன்னபடியே செஞ்சிட்டேன். சரியாப் பட்டுச்சா?"

தாம் வகுத்த நெறியை எள்ளளவும் வழுவாது காத்த அந்தக் கையைப் பழிக்கவும் மாட்டாமல், பாராட்டவும் மாட்டாமல், படைத்தலைவர் அப்படகின் விளிம்பைப் பற்றியபடி நின்றார். ஓதமோ எவரையும் கேளாமல் ஏறிக்கொண்டே இருந்தது.