வீட்டில் பார்த்துக்க ஆள் இருக்கா?

காபி கலக்கிக்கொண்டிருந்த மகள், வாசலில் ஆராய்ச்சிக்காரியின் தலையைக் கண்டதும் கரண்டியை அப்படியே போட்டுவிட்டு ஓடினாள். வந்தவள் கையிலிருந்த பூவைக் கூடத்தில் கிடத்தியிருந்த அப்பாவின் காலடியில் வைக்கும்வரைதான் பொறுத்தாள். பிறகு கையைப் பிடித்து அடுக்களைக்கு இழுத்துவந்து கதவைச் சாத்தினாள்.

"ஒரே ஒரு விஷயம் கேக்கணும். என் மேல இரக்கப்பட்டுப் பொய் சொல்லக் கூடாது."

"கேளுங்கக்கா."

ஆராய்ச்சிக்காரி அப்பாவிடம் படித்து, பிறகு அவரோடே வேலை பார்த்தவள். மனிதர்கள் எப்படி முடிவெடுக்கிறார்கள், எப்படி எடுத்தால் நல்லது என்பதுதான் இருவருக்கும் ஆராய்ச்சி. ஊருக்கெல்லாம் வழி சொன்ன மனிதர், ஹோட்டலில் உட்கார்ந்தால் மட்டும் "உனக்கு எதுவோ அதுவே எனக்கும்" என்பார். மகளின் மூக்குக்கண்ணாடிக் கடைக்கு வந்து மூலையில் உட்கார்ந்துகொள்வார். கடையில் இருக்கிற ஃபிரேமையெல்லாம் மாட்டிப் பார்த்துவிட்டு, முதலில் எடுத்ததற்கே திரும்பி வருகிறவர்களைக் கண்டால் அவர் புருவம் இரண்டும் நெற்றிக்கு ஏறிவிடும். "வாங்க வர்றவங்களை அப்படி உத்துப் பாக்காதீங்கப்பா" என்று இவள் எத்தனை தடவை பல்லைக் கடித்திருப்பாள்!

ஆஸ்பத்திரியில் தீவிர சிகிச்சைப் பிரிவுக் கட்டில்கள் கொஞ்சம், காத்திருப்பவர்கள் நிறைய. யாருக்கு முதலில் கொடுப்பது என்று டாக்டர்கள் மண்டையை உடைத்துக்கொண்டபோது, இவர்கள் இருவரும்தான் கேள்விகள் தயாரித்து, பதில்களுக்கு மார்க் வைத்து, ஒரு முறையைச் செய்துகொடுத்தார்கள். மார்க் அதிகம் வாங்கியவருக்குக் கட்டில். முந்தாநாள் அந்தக் கேள்விகள் அப்பாவிடமே வந்து நின்றன.

பிராணவாயு முகமூடியோடு அவரால் பேச முடியவில்லை. நர்ஸ் மகளைத்தான் கேட்டாள். மூச்சு, ரத்த அழுத்தம், பழைய வியாதிகள் எல்லாம் முடிந்து கடைசியாக, "வீட்டில பார்த்துக்க ஆள் இருக்கா?" என்றாள்.

யாருமில்லை என்றால் மார்க் கூடும் என்று மகளுக்குப் பட்டது. பக்கத்தில் நின்ற அத்தைக்கும் அப்படியே பட்டிருக்க வேண்டும், முழங்கையால் ஓர் இடி இடித்தாள். மகள் அப்பாவைப் பார்த்தாள். முகமூடிக்கு மேலே புருவங்கள் ஏறியிருந்தன.

அவரை எதிரில் வைத்துக்கொண்டு யாருமில்லை என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. "நான் இருக்கேன்" என்றாள்.

கட்டில் வேறொருவருக்குப் போனது. மறுநாள் மதியம் சாதாரண வார்டிலேயே அப்பா போய்ச் சேர்ந்தார். "நீ ஒரு வார்த்தை மாத்திச் சொல்லியிருந்தா என் அண்ணன் பிழைச்சிருப்பான்" என்று அத்தை ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே சொல்லிவிட்டாள். அதிலிருந்து மகள் ஆராய்ச்சிக்காரி எப்போது வருவாள் என்று காத்துக்கொண்டிருந்தாள்.

"வீட்டில ஆள் இருக்கான்னு கேக்கறீங்களே, அதுக்கு எத்தனை மார்க்?"

ஆராய்ச்சிக்காரி விழித்தாள். "அதுக்கா? அதுக்கு மார்க்கே கிடையாதுக்கா."

"என்னைத் தேத்தறதுக்காகச் சொல்லாத."

"சத்தியமா. நீங்க என்ன சொல்லியிருந்தாலும் கட்டில் அந்த இன்னொருத்தருக்குத்தான் போயிருக்கும். அவரோட மூச்சு சாரைவிட மோசமா இருந்திருக்கும், அதுக்குத்தான் மார்க்."

மகள் சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டாள். நெஞ்சில் கிடந்த பாரம் இறங்கியது, இறங்கிய சூட்டோடு கோபமும் வந்தது.

"அப்போ அப்பாவுக்குத் தெரிஞ்சிருக்கு! தெரிஞ்சுக்கிட்டே, இவ என்ன சொல்றான்னு வேடிக்கை பார்த்திருக்காரு மனுஷன்!"

சிரிக்கத்தான் வாயைத் திறந்தாள், அழுகைதான் வந்தது. ஆராய்ச்சிக்காரி அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள். கொஞ்சம் அடங்கியதும் மகள் மூக்கைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"மார்க் இல்லாத கேள்வியை எதுக்குடி கேக்கணும்?"

"நானும் அதையேதான் கேட்டேன். தூக்கிடலாம் சார்னு நாள் கணக்கா சண்டை போட்டேன். மசியவே இல்ல. 'கடைசி நேரத்துல யாரை உள்ள கூப்பிடணும்னு நர்ஸுக்குத் தெரிய வேண்டாமா? வராந்தால நிக்கிற கூட்டத்துல யாரைன்னு தேடுவாங்க? நான் இருக்கேன்னு யார் சொல்றாங்களோ, அவங்களை ஞாபகம் வெச்சுக்கட்டும்'னாரு."

"ம்."

"இருக்கிற வேலையில எந்த நர்ஸ் சார் இதையெல்லாம் ஞாபகம் வெச்சுக்கப் போறாங்கன்னேன். 'பார்க்கலாமே'ன்னாரு." ஆராய்ச்சிக்காரி தயங்கினாள். துக்க வீட்டில் கேட்கக் கூடாதுதான். ஆனாலும் அவளால் அடக்க முடியவில்லை. "உங்களைக் கூப்பிட்டாங்களாக்கா?"

மகள் சாத்தியிருந்த கதவைப் பார்த்தாள். அந்தப் பக்கம் அத்தை யாரிடமோ அதே கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"அத்தை, சித்தப்பா எல்லாரும் வார்டுக் கதவுகிட்டயே நின்னாங்க. நான் எல்லாருக்கும் பின்னாடி, மருந்து வாங்கிட்டு அப்பத்தான் வந்தேன். கேள்வி கேட்ட அந்த நர்ஸ் அவங்களையெல்லாம் தாண்டி நேரா எங்கிட்ட வந்தாங்க" என்றாள். "கட்டில் பக்கத்துல ஒரு ஸ்டூலும் போட்டு வெச்சிருந்தாங்க."